வேதவல்லி அம்மாளின் கட்டியும் என் நைட்ரஜன் கேனும்

போன வாரம் என்னை உங்கள் ஆய்வகத்துக்குள் அழைத்துப்போய் எல்லாவற்றையும் காட்டினீர்கள். உறைபெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே சூடு ஏறினால் பெட்டியே உங்கள் செல்போனுக்குத் தகவல் அனுப்புமாம். எங்கள் காலத்துப் பெட்டி யாரையும் அப்படித் தொந்தரவு செய்யாது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் சத்தமில்லாமல் உயிரை விடும். திங்கட்கிழமை காலை நாற்றத்தின் மூலம் தகவல் தெரிவிக்கும்.

புதிதாக வந்திருக்கும் உங்களிடம் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். அனுபவம் என்பது பெரும்பாலும் நாம் முட்டாளாக நின்ற இடங்களின் தொகுப்பு என்பதால், என்னிடம் அது நிறையவே இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. சினைப்பைப் புற்றுநோய் பற்றி ஆராயும் ஒரு கூடத்தில் எனக்கு வேலை. எங்கெல்லாம் அந்தக் கட்டிக்கு அறுவை நடக்கிறதோ அங்கெல்லாம் போய், ஒரு துண்டு வாங்கி, கெடுவதற்குள் உறையவைத்து, நகரத்துக்குள் இருந்த எங்கள் கூடத்தில் சேர்க்க வேண்டும். குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் தாண்டி எவ்வளவு தெற்கே கத்தி எட்டுமோ அவ்வளவும் என் எல்லை. உயிர்வேதியியலில் முதுகலை முடித்தவன் நான். என் அப்பா அக்கம்பக்கத்தில் ‘பையன் சயின்டிஸ்ட்’ என்று சொல்லிவைத்திருந்தார். கூரியர் கம்பெனிகள் அப்போது அவ்வளவாகப் பரவவில்லை. அதனால் அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஆள் கிடைக்கவில்லை.

என் கையில் எப்போதும் ஒரு கேன் இருக்கும். குண்டு உடம்பு, குறுகிய கழுத்து, உள்ளே திரவ நைட்ரஜன். மூடியைத் தூக்கினால் புராண நாடகத்தில் நாரதர் வருவது போல வெள்ளைப் புகை கிளம்பும். தாம்பரம், முடிச்சூர் பக்கம் அன்று பாதிக்கு மேல் வயலும் மாடும்தான். அங்கே இந்தக் கேனைத் தெரியாதவர் கிடையாது. காளையின் விந்தை உறையவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பசுவுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள் தூக்கிவந்தது அச்சு அசல் இதே கேன்.

எலெக்ட்ரிக் ட்ரெயினில் எதிர் சீட்டுக்காரர் கேனைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், நெருங்கி உட்காருவார்.

“இன்னா சார், ஜெர்சியா, சிந்தியா?”

ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கினேன். ‘புற்றுநோய்க் கட்டி’ என்று சொன்ன மாத்திரத்தில் அந்தப் பெட்டியில் பாதி காலியாகிவிடும். அதன் பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டேன். நிற்க மட்டும் இடமிருந்தால் புற்றுநோய். உட்கார இடம் கிடைத்திருந்தால் ஜெர்சி.

எங்கள் பிரிவின் தலைவிக்கு ஒரே ஒரு விதி உண்டு. அந்த நாளில் அறுவை செய்கிற டாக்டர் தலையசைத்தால் போதும், யாரும் நோயாளியைக் கேட்பதில்லை. மேடம் மட்டும், “கேட்காம எடுத்தா அதுக்குப் பேர் சாம்பிள் இல்ல, திருட்டு” என்பார். ஆகவே அறுவைக்கு முன்னால் நான் போய் நோயாளியிடம் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். விளக்குவதில் எனக்கு அப்போது பெரிய நம்பிக்கை இருந்தது.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு நர்ஸிங் ஹோம். அங்கே முடிச்சூரிலிருந்து வேதவல்லி என்ற அம்மாள் சேர்ந்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. வயிற்றில் பெரிய கட்டி. அறுவை செய்யப்போகிற டாக்டரம்மாவுக்கு அது நல்லதாகத் தோன்றவில்லை. எங்களுக்கோ அது கிடைப்பதற்கரிய கட்டி. எந்த மருந்தும் படாத, புத்தம் புதிய துண்டு ஒன்றுக்காக எங்கள் கூடத்தில் ஒரு ஆராய்ச்சியே மாதக்கணக்கில் காத்துக் கிடந்தது. “இதைத் தவற விட்டுடாதே” என்று மேடம் சொல்லியனுப்பினார். சொல்லிவிட்டு ஒரு மாநாட்டுக்கு வடக்கே ரயிலேறிவிட்டார்.

அறைக்குள் நுழைந்தேன். கட்டிலில் வேதவல்லி அம்மாள். பக்கத்தில் அவர் கணவர் ஏகாம்பரம், வெள்ளை வேட்டி, பெரிய மீசை. ஜன்னலோரம் ஏகாம்பரத்தின் அக்கா. அனகாபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவர், குடும்பத்தில் அவர் சொன்னதுதான் சட்டம் என்பது உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. ஏகாம்பரம் என் கேனைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“வா சார் வா! நேத்தி ஆள் சொல்லி அனுப்சேன். அதுக்கோசரம் ஆஸ்பத்திரிக்கே வந்துக்கினியே! மாடு வூட்ல கீது சார்.”

“நான் அதற்கு வரவில்லை. அம்மாவுக்காக வந்திருக்கிறேன்” என்றேன்.

ஏகாம்பரம் கேனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மீசை துடித்தது.

“இந்தாய்யா, குந்து” என்றார் வேதவல்லி அம்மாள். “அவரு வேற ஆளு போலகீது. இன்னா தம்பி சொல்லு.”

சொன்னேன். என் வாழ்நாளின் சிறந்த விளக்கம் அது. கட்டி எப்படி வளர்கிறது, உயிரணு என்றால் என்ன, துண்டை நாங்கள் எப்படிப் பாதுகாப்போம், பிற்காலத்தில் வரப்போகும் பெண்களுக்கு அதனால் என்ன நன்மை. அக்கா ஒரு கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பக்தி என்று நினைத்தேன். குறட்டை பிறகுதான் கேட்டது.

“இத்த எடுத்துக்கினு போயி ஆராஞ்சு பாப்பே, அப்டித்தானே?” என்றார் வேதவல்லி அம்மாள்.

“அதேதான் அம்மா.”

“எட்த்துக்கோ. முடிச்சூர்ல பால்ல தண்ணி ஊத்தாத ஒரே ஆளு நானு. கட்டியிலயா உன்ன ஏமாத்தப் போறேன்? ஆனா ஒண்ணு தம்பி.” கணவர் பக்கம் கண்ணைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்திய குரல் தெருவில் போகிறவருக்கும் கேட்டிருக்கும். “அது கெட்ட கட்டியா இல்லியான்னு எனக்குத் தெரியணும். இவருகிட்ட சொன்னா இவரு அழுதுகினே மறைச்சுடுவாரு. எங்கூட்டு லச்சுமி பருவத்துல கீது. இப்ப ஊசி போட்டா கன்னு போட பத்து மாசம் ஆவும். கன்னு போடறப்போ கூட நிக்க நான் இருப்பேனா இல்லியா? இல்லேன்னா சினைக்கு விடக் கூடாது, நல்ல கையா பாத்து வித்துடணும். அதான் இந்தப் பருவத்த வுட்டுடலாம்னு இவராண்ட சொல்லிக்கினே கீறேன், அதுக்குள்ள ஆளு அனுப்பிட்டாரு. அடுத்த பருவம் மூணு வாரத்துல வரும். அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாவணும்.”

“நிச்சயம் தெரிந்துவிடும் அம்மா” என்றேன். டாக்டரம்மா வழக்கமாக அனுப்புகிற சோதனையின் முடிவு அதற்கு முன்பே வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு தைரியம்.

அறுவை நடந்தது. அந்த நாளில் ஒரு வழக்கம் உண்டு, இன்றும் சில இடங்களில் இருக்கலாம். வெளியே எடுத்ததைத் தட்டில் வைத்து உறவினர்களுக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், ஒன்றையும் எடுக்காமலே பணம் வாங்கிவிட்டார்கள் என்று பேச்சு வரும். தியேட்டர் வாசலில் கல்யாணத்துக்குக் கூடியது போலக் கூட்டம். டாக்டரம்மா தட்டுடன் வந்தார்.

“யம்மாடி, முத்துன தேங்கா கணக்கா கீதே!”

“தேங்காயா? நம்ம வூட்டுப் பூசணிய பாத்ததில்ல நீ.”

முன்வரிசையில் மீசையை முறுக்கிக்கொண்டு நின்ற ஏகாம்பரத்துக்குக் கண் சொருகியது. அப்படியே என் மேல் சாய்ந்தார். கேனைக் காப்பாற்றுவதா அவரைக் காப்பாற்றுவதா என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்த கணத்தில் அவர் தரைக்குப் போய்விட்டார்.

என் துண்டுகள் கிடைத்தன. சின்னக் குப்பிகளில் போட்டு கேனில் இறக்கினேன். மிச்சக் கட்டி முழுவதும், குடும்பத்தார் கொண்டுவந்திருந்த ஊறுகாய் பாட்டிலுக்குள் ஃபார்மலினில் போனது. அந்த நர்ஸிங் ஹோமில் லேப் கிடையாது. பாட்டிலை உறவினர்களே நகரத்திலிருந்த லேபுக்கு எடுத்துப்போக வேண்டும். சதையைப் பார்த்து நோயைச் சொல்கிற பெத்தாலஜி டாக்டர் அங்கேதான் இருந்தார். இதுவும் அன்றாட வழக்கம். நர்ஸ் பாட்டிலை அக்கா கையில் கொடுத்தார், “பத்திரமா சேத்துடுங்க” என்றார். நான் வெற்றியோடு ரயிலேறினேன். அன்று உட்கார இடம் கிடைத்தது. ஜெர்சி என்று சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து, வேறு வேலையாகத் தாம்பரம் போனவன் வேதவல்லி அம்மாளைப் பார்க்கப் போனேன். ஏகாம்பரம் வராந்தாவிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரிஜல்ட்டு இன்னா ஆச்சு சார்?”

“லேபிலிருந்து டாக்டரம்மாவுக்கு வரும். பாட்டிலை என்றைக்குக் கொடுத்தீர்கள்?”

“எந்த லேபு சார்? டெஸ்ட்டுக்குத்தான் நீ எட்த்துக்கினு போய்ட்டியே?”

எனக்கு நைட்ரஜனுக்குள் கைவிட்டது போல இருந்தது. “அப்படியானால் பாட்டில்?”

பின்னால் நின்ற அக்கா முன்னுக்கு வந்தார். “இன்னாப்பா கேக்கற? சுமங்கலி உடம்புல இருந்து எடுத்தது. குப்பையிலயா போடுவாங்க? மஞ்ச தடவி, குங்குமம் வெச்சு, பால் ஊத்தி, எங்க நெலத்துலயே பொதைச்சாச்சு. மேல தென்னங்கன்னு வெச்சுக்கீது.”

“பாட்டிலோடவா புதைத்தீர்கள்?” என்றேன். பாட்டிலோடு புதைத்திருந்தால் ஃபார்மலினில் பத்திரமாக இருக்குமே என்று ஒரு நப்பாசை.

“நல்ல பாட்டிலுப்பா அது! கழுவி வெச்சுக்கீறேன். மாங்கா சீசன் வருதில்ல?”

அந்தப் பாட்டிலில் மட்டும் ஊறுகாய் போட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். என் விளக்கங்களிலேயே அந்தக் குடும்பம் சரியாகப் புரிந்துகொண்டது அது ஒன்றைத்தான்.

இளைய நண்பர்களே, நடந்ததைக் கவனியுங்கள். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சோம்பேறித்தனம் செய்யவில்லை. நான் ‘ஆராய்ச்சி’ என்றேன். அவர்கள் ‘சோதனை’ என்று எடுத்துக்கொண்டார்கள். புகைவிடும் கேனோடு ஒருவன் வந்து துண்டை வாங்கிக்கொண்டு நகரத்துக்குப் போனால் வேறு என்ன நினைப்பார்கள்? டெஸ்ட்டுக்கு வேண்டியது போயாயிற்று, மிச்சம் நம்முடையது, அதற்குரிய மரியாதையைச் செய்வோம் என்று செய்துவிட்டார்கள். நீங்கள் விளக்கி முடித்ததும் கையெழுத்து வாங்க அவசரப்படாதீர்கள். “நான் என்ன சொன்னேன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க” என்று கேளுங்கள். நான் அன்று கேட்டிருந்தால் ஒரு தென்னங்கன்று வேறு இடத்தில் வளர்ந்திருக்கும்.

“தோண்டிடலாமா சார்?” என்றார் ஏகாம்பரம் மெதுவாக.

“எவன் மம்முட்டியத் தொடறான்னு பாக்கறேன்” என்றார் அக்கா.

தோண்டியும் பயனில்லை. இரண்டு நாள் ஈர மண்ணில் கிடந்த சதை எந்த மைக்ராஸ்கோப்புக்கும் உண்மை சொல்லாது. வேதவல்லி அம்மாளின் வயிற்றில் இருந்தது என்ன என்று சொல்லக்கூடிய சதை உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. எங்கள் கூடத்துக் கேனில். மாதக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த துண்டுகள். மேடம் ஊரில் இல்லை. ட்ரங்க் கால் போட்டேன். மாநாட்டு மண்டபத்தில் யாரோ எடுத்து, இந்தியில் நீண்ட நேரம் அன்பாகப் பேசி, வைத்துவிட்டார்.

அப்போது நான் எடுத்த முடிவு உங்களுக்கு வீரமாகத் தெரிய வேண்டும் என்றுதான் ஆசை. அன்றிரவே லேபுக்குக் கொடுக்க ஒரு குப்பியை எடுத்து வைத்தேன். ஒன்றே ஒன்று. மற்றவை கேனிலேயே இருக்கட்டும், நோயாளிக்கும் ஆயிற்று, அறிவியலுக்கும் ஆயிற்று, சாலமன் தீர்ப்பு என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். சாலமன் குழந்தையை நிஜமாகவே வெட்டிக் கொடுக்கவில்லை என்பது எனக்கு மறந்துவிட்டது.

பெத்தாலஜி டாக்டர் மனிதர்களோடு அதிகம் பேசாதவர், கண்ணாடிச் சில்லுகளோடு மட்டும் பேசுவார். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இதென்ன, குல்ஃபியா?”

கதையைச் சொன்னேன். தென்னங்கன்று வரை வந்தபோது அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று பிறகுதான் தெரிந்தது, பழக்கமில்லாததால் வேறு மாதிரி இருந்தது. “உறைய வெச்ச சதையில எல்லாம் ஐஸ் குத்தின ஓட்டையா இருக்கும். பாக்கறேன், உறுதி சொல்ல மாட்டேன்” என்றார்.

மறுநாளைக்கு மறுநாள் போனேன்.

“நீ கொண்டுவந்த துண்டு முழுக்கச் செத்த சதை. நல்லதுன்னும் சொல்ல முடியாது, கெட்டதுன்னும் சொல்ல முடியாது. வேற இருக்கா?”

நான் என் செருப்பைப் பார்த்தேன். அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

“இருக்கு” என்றார் அவரே.

அன்று கூடத்துக்குத் திரும்பி நடந்த தூரத்தில் எத்தனை வாதங்களை எனக்குள் ஆடிப் பார்த்தேன் தெரியுமா? இந்தத் துண்டுகளால் பின்னால் ஆயிரம் பெண்கள் பிழைக்கலாம், ஒருத்திக்காக அதை இழக்கலாமா என்று ஒரு வாதம். கேட்க மிக உயர்வாக இருந்தது. ஒரே சிக்கல், அந்த ஆயிரம் பேரில் யாரையும் எனக்குத் தெரியாது. இந்த ஒருத்தியோ அடுத்த பருவத்துக்குள் பதில் வேண்டும் என்று என்னிடமே கேட்டிருந்தார். ‘நிச்சயம்’ என்று சொன்ன வாயும் என்னுடையதுதான். எல்லாக் குப்பிகளையும் எடுத்துக்கொண்டு போனேன். பெத்தாலஜி டாக்டர் எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

முடிவு வந்தது. கெட்ட கட்டிதான். மேடமும் ஊர் திரும்பினார். நடந்ததைச் சொன்னேன்.

“எல்லாத்தையும் கொடுத்துட்டியா?”

“ஆமாம் மேடம்.”

“முதல் நாளேவா?”

அதற்கு நான் சொன்ன பதிலை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மேடம் வேறு எதுவும் கேட்கவில்லை. காத்துக்கிடந்த ஆராய்ச்சி மேலும் பல மாதங்கள் காத்துக் கிடந்தது.

டாக்டரம்மா சொல்லப்போன அன்று என்னையும் கூட வரச் சொன்னார். வராந்தாவில் ஏகாம்பரம் மறித்துக்கொண்டார். “வேணாம் டாக்டரம்மா. புண்ணு ஆறலன்னு சொல்லி வெச்சுடலாம். பாவம், தாங்க மாட்டா.” சொல்லும்போதே அவர் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் உள்ளே போனதும் வேதவல்லி அம்மாள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“மூஞ்சியே சொல்லுதே. கெட்டதா?”

“ஆமாம்” என்றார் டாக்டரம்மா. “ஆனா நான் உள்ள பாத்த வரைக்கும் வேற எங்கயும் பரவல. இனிமே மருந்து ஏத்தணும். கஷ்டமா இருக்கும். முடி கொட்டும், வாந்தி வரும்.”

“கன்னு போடற வரிக்கும் இருப்பேனா?”

டாக்டரம்மா அப்படியொரு அளவுகோலை எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டார். கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லாத மனுஷி அவர். “ஒரு மருந்தும் விடாம வந்தீங்கன்னா, நான் பாத்ததை வெச்சுச் சொல்றேன், இருப்பீங்க.”

வேதவல்லி அம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். “இந்தாய்யா, அழுவறத நிறுத்து. பருவம் வந்தா ஊசி போட்டுடு.”

மருந்து ஏற்றும் நாட்களில் சில முறை போய்ப் பார்த்தேன். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, வாந்திக்கும் வாந்திக்கும் நடுவில், மாட்டுக்குத் தவிடு வைத்தாயிற்றா என்று கணவரைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருப்பார். ஒரு நாள் என்னைக் கேட்டார்.

“எங்கிட்ட வாங்கிக்கினு போனியே, அது எதுக்காச்சும் உதவுச்சா தம்பி?”

எல்லாம் அவருடைய சோதனைக்கே போய்விட்டதைச் சொன்னேன்.

“அப்ப உனுக்கு?”

“ஒன்றும் இல்லை அம்மா.”

அவருக்கு அது மிகவும் மனக்குறையாகிவிட்டது. வாக்குக் கொடுத்த பாலை அளக்காமல் விட்டது போல. “மருந்து முடிஞ்சதும் வயித்த மறுக்கா தொறந்து பாப்பாங்களாமே. அப்ப மிச்சம் மீதி இருந்தா உனுக்குத்தான். வந்துடு.”

அப்போதெல்லாம் அப்படித்தான். இந்தக் காலத்து ஸ்கேன்கள் இல்லாததால், மிச்சம் இருக்கிறதா என்று திறந்துதான் பார்ப்பார்கள். அந்த நாளும் வந்தது. மாடு நிறைசினை, இப்பவோ அப்பவோ என்று வீட்டில் நின்றிருந்தது. அம்மாள் அறுவைக்குப் போகிற வழியிலும் அதற்குத் தண்ணி காட்டச் சொல்லிவிட்டுத்தான் போனார். நான் நைட்ரஜன் நிரப்பிய கேனோடு தியேட்டருக்குள் ஓரமாக நின்றேன். டாக்டரம்மா நெடுநேரம் தேடினார். மடிப்பு மடிப்பாக, விளக்கைத் திருப்பித் திருப்பி. கடைசியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“உனக்குக் கொடுக்க ஒண்ணும் இல்லப்பா.”

சந்தேகத்துக்காக அங்கங்கே கிள்ளி எடுத்த துணுக்குகளை லேபுக்கு அனுப்பினார், இம்முறை நர்ஸின் கையிலேயே. அவற்றிலும் ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்தது. டாக்டரம்மா வெளியே வந்து வெறும் கையைக் காட்டினார். வாசலில் காத்திருந்த கூட்டம் ஏமாந்து போயிற்று.

“தட்டு எங்க டாக்டரம்மா?”

“ஒண்ணுமே எடுக்காததுக்கா இம்மா நேரம்?” என்றார் அனகாபுத்தூர் அக்கா.

“எடுக்க ஒண்ணுமே இல்லம்மா. சுத்தமா இருக்கு.”

அக்காவுக்கு அதை ஜீரணிக்கச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மயக்கம் தெளிகிற நேரத்தில் வேதவல்லி அம்மாள் கண்ணைத் திறந்ததும் கேனைத்தான் பார்த்தார்.

“கெட்ச்சுதா தம்பி?”

“இல்லை அம்மா. ஒரு துணுக்குகூட இல்லை.”

“ரெண்டு தபா வந்தே, ரெண்டு தபாவும் வெறுங்கை.” நாக்கு குழறினாலும் தெளிவாகவே சொன்னார். “ராசியே இல்லாத ஆளு நீ. யோவ், சாரை டேசன் வரிக்கும் கொண்டுபோயி உட்டுட்டு வா.”

ஏகாம்பரம் என்னோடு படியிறங்கினார். மீசை நனைந்திருந்தது. தெருவுக்கு வந்ததும் என் கையிலிருந்த கேனைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

“விடுங்கள், துண்டு எதுவும் இல்லாத காலி கேன்தானே, நானே தூக்கிக்கொள்கிறேன்” என்றேன்.

“காலியா கீறதாலதான் சார் தூக்கறேன்.”